2006 கொரோலா ஆட்டோமேட்டிக்: கியர் பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாற்றலாமா, தொடாமல் விடுவதா?

கோவை_கொரோலா:
அனைவருக்கும் வணக்கம். அப்பா 2006-இல் வாங்கிய கொரோலா 1.8 ஆட்டோமேட்டிக். போன வருடம் கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார், வண்டி என் கைக்கு வந்தது. மீட்டரில் 1,38,000 கி.மீ. எஞ்சின் ஆயில், பிரேக், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் டைரியில் தேதி போட்டுக் கணக்கு வைத்திருக்கிறார். கியர் பாக்ஸ் ஆயில் மாற்றியதாக ஒரு வரி கூட இல்லை. கேட்டால், "அதுல எல்லாம் கை வைக்கக் கூடாது கண்ணு, அது அப்படியே ஓடும்" என்கிறார்.

பிரச்சனை இரண்டு. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்து டிரைவில் போட்டால், இரண்டு வினாடி யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. சூடான பிறகு அது இல்லை. இரண்டாவது, போன மாதம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினோம். நாற்பது வளைவில் பாதி தாண்டியதும், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் ஒரு நொடி ஏறி, அப்புறம் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒரு குலுக்கல். இறங்கி வந்த பிறகு சமவெளியில் அப்படி எதுவும் இல்லை.

டிப்ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். முதல் டிகாக்‌ஷன் நிறம். மூக்கில் வைத்தால் லேசாகத் தீய்ந்த வாசனை. அளவு சரியாகவே இருக்கிறது.

ஊரில் மூன்று பேரிடம் கேட்டதில் ஒருவர் மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்யச் சொன்னார், ஒருவர் தொடவே வேண்டாம் என்றார், மூன்றாமவர் ஏதோ ஒரு டப்பா மருந்தை ஊற்றினால் போதும் என்றார். நானே பேனை (கியர் பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தட்டு) இறக்கி ஆயிலும் ஃபில்டரும் மாற்றலாம் என்று நினைக்கிறேன். பிரேக் பேட், ரேடியேட்டர் ஹோஸ் வரைக்கும் நானே செய்திருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழசே_போதும்:
ப்ரோ, தொடாதீங்க. எங்கள் சித்தப்பா வண்டி, ஒன்றரை லட்சம் கி.மீ. ஓடியது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் ஸ்லிப் ஆகிறது என்று ஆயில் மாற்றினார். ஒரே மாதத்தில் ரிவர்ஸ் போய்விட்டது. பழைய ஆயிலில் இருக்கும் கிளட்ச் தூள்தான் அந்தப் பிடிமானத்தையே கொடுக்கிறது, புது ஆயில் வந்ததும் எல்லாம் வழுக்கிவிடும் என்று மெக்கானிக்கே சொன்னார்.

கிரீஸ்_கை:
மேலே சொன்ன தம்பி அவர் எழுதியதையே இன்னொரு முறை படிக்கட்டும். "நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது." அடுத்த வரியே "ஸ்லிப் ஆகிறது என்று மாற்றினார்." எது நிஜம்?

முப்பது வருடம் சென்னையில் வொர்க்‌ஷாப் வைத்திருந்தவன். இந்தக் கதையை மாதம் ஒருவர் சொல்வார். கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்றுகிறோம், உயிர் போகிறது. பால் ஊற்றியதால் செத்தார் என்று யாராவது சொல்வோமா? வண்டி வழுக்க ஆரம்பித்த பிறகுதான் நம் ஆட்களுக்கு ஆயில் ஞாபகமே வருகிறது. அதற்குள் கிளட்ச் தகடு தேய்ந்து முடிந்திருக்கும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வருடக்கணக்கில் மாற்றாத கியர் பாக்ஸில் மெஷின் போட்டு வேகமாக அலசுவது எனக்கும் பிடிக்காது. அடியில் படிந்து கிடக்கும் மண்டி கிளம்பி, கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் சின்னச் சின்ன வழிகளில் போய் உட்காரும். அங்கே ஒரு வால்வ் சிக்கினால் போதும். பேனைக் கழற்றி, துடைத்து, ஃபில்டர் மாற்றி, வந்த அளவே ஊற்றுவது வேறு வேலை. அதில் பயப்பட ஒன்றுமில்லை.

கோவைத் தம்பி, உங்கள் வண்டிக்குச் சொல்கிறேன். காலையில் தாமதம் என்பதற்கு வழக்கமாக இரண்டு காரணம். ஆயில் அளவு குறைந்திருக்கும், இல்லை உள்ளே இருக்கும் ரப்பர் சீல் வயதாகி இறுகியிருக்கும். அளவு சரி என்கிறீர்கள். இறுகிய சீலைப் புது ஆயில் இளமையாக்காது. அதனால் அந்தத் தாமதம் முழுவதும் போய்விடும் என்று நம்பி இறங்க வேண்டாம். மலையில் வந்த குலுக்கலுக்கு ஆயில் மாற்றிப் பார்ப்பது சரியான முதல் வேலை. சூட்டில் வெந்து போன ஆயில் மெலிந்துவிடும், அழுத்தம் குறையும், தகடு பிடிக்கத் தாமதமாகும்.

முதலில் பேனைத் திறந்து பாருங்கள். அடியில் காந்தம் இருக்கும். அதில் ஒட்டியிருப்பதுதான் உங்கள் கியர் பாக்ஸின் ஜாதகம். விரலில் தேய்த்தால் சாம்பல் நிறச் சாந்து மாதிரி வழவழப்பாக இருந்தால் வயதுக்கு வரும் தேய்மானம், கவலை இல்லை. நகம் வெட்டிய துண்டு மாதிரி இரும்புத் துணுக்கு, இல்லை பித்தளை மினுமினுப்பு பேனில் கிடந்தால், புது ஆயிலுக்குச் செலவு செய்ய வேண்டாம், கியர் பாக்ஸை இறக்குகிற ஆளைத் தேடுங்கள்.

கோவை_கொரோலா:
நன்றி சார். என்ன ஆயில்? கடையில் கேட்டால் சிவப்பாக இருக்கும் எதையும் எடுத்து நீட்டுகிறார்கள்.

கிரீஸ்_கை:
சார் வேண்டாம், அண்ணா போதும்.

சிவப்பு என்பது வெறும் சாயம். கீழே சொட்டுவது எஞ்சின் ஆயிலா கியர் பாக்ஸ் ஆயிலா என்று பிரித்துப் பார்க்கத்தான் அந்த நிறம். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பவர் ஸ்டீரிங்குக்கு ஊற்றுவதும் சிவப்புதான்.

உங்கள் வண்டி வயதுக்கு டொயோட்டா டி-ஃபோர். டிப்ஸ்டிக்கிலேயே அடித்திருக்கும், துடைத்துவிட்டுப் படியுங்கள். டபிள்யூஎஸ் என்று இன்னொன்று விற்கிறது. அது பின்னால் வந்தது, இதைவிட மெல்லியது, வேறு கியர் பாக்ஸுக்கு. "ரெண்டும் டொயோட்டாதானே" என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். சிவிடி (கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) வண்டிக்கு வரும் ஆயிலும் வேறு. அதை இதில் ஊற்றக் கூடாது, இதை அதில் ஊற்றவே கூடாது. டெக்ஸ்ரான் 3 என்று இன்னும் டப்பாவில் போட்டு விற்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் தரத்துக்கு லைசென்ஸ் கொடுப்பதை 2006 முடிவோடு நிறுத்தியாயிற்று. இப்போது அந்தப் பெயரில் வருவதற்கு டப்பாக்காரர் வார்த்தைதான் உத்தரவாதம்.

டப்பா மருந்து வேண்டாம்.

ஒரு பழைய கதை. அமெரிக்காவில் ஆரம்பகால ஏடிஎஃப்-இல் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்) திமிங்கில எண்ணெய் கலந்திருந்தார்கள். கிளட்ச் பிடிக்கும்போது குலுங்காமல் இருக்க அதைவிட நல்ல சரக்கு கிடைக்கவில்லை. 1970-களில் திமிங்கில வேட்டைக்குத் தடை வந்த பிறகு மாற்றுச் சரக்கு தேடப் படாத பாடு பட்டார்கள். "ஆயில்தானே, எதை ஊற்றினால் என்ன" என்பவர்களிடம் இதைச் சொல்வேன்.

யாழ்_121:
வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. இங்கே உங்கள் வண்டியின் தம்பியைத்தான் எல்லோரும் வைத்திருக்கிறோம், கொரோலா 121 என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, பழைய காரைப் பாதுகாப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அதனால் இந்த வேலையில் கொஞ்சம் பழக்கம் உண்டு.

ஒரு கணக்கு சொல்கிறேன். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் மூன்று லீட்டர் அளவுதான் வரும். மொத்தம் ஏழரை லீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ரோர்க் கொன்வேர்ட்டருக்குள்ளும் (எஞ்சின் விசையை ஒயில் வழியாக கியர் பாக்ஸுக்குக் கொடுக்கிற டார்க் கன்வெர்ட்டர்) கூலருக்கும் போகிற குழாய்களிலும் நிற்கும். ஆக ஒரு தரம் மாற்றினால் 40 வீதம் புது ஒயில். திரும்ப ஒருக்கால் மாற்றினால் 64 வீதம். மூன்றாம் தரம் 78. நாலாம் தரம் செய்தாலும் 87-தான், அதற்கு மேல் காசுதான் கரியாகும். நான் மூன்றோடு நிறுத்தினேன், ஒவ்வொன்றுக்கும் இடையில் இருநூறு முந்நூறு கி.மீ. ஓட விட்டு.

ஃபில்டர் விசயம்: என்னுடையதில் உள்ளே இருந்தது இரும்பு வலை. பார்ட்ஸ் தட்டுப்பாடான காலம், அதனால் மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊற வைத்து, காற்றடித்துத் திரும்பப் போட்டேன். இன்னும் ஓடுகிறது.

கிரீஸ்_கை:
யாழ் தம்பி, இரும்பு வலை என்றால் கழுவலாம், தப்பில்லை. ஃபெல்ட் துணி வைத்த ஃபில்டரைக் கழுவக் கூடாது, துணி உப்பிப் போகும். வலை என்றாலும் தகட்டுக்கு உள்ளே என்ன சிக்கியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. புதுசு கிடைக்கிற ஊரில் இருப்பவர்கள் புதுசே போடுங்கள்.

ஏஎம்டி_ரசிகன்:
நல்ல இழை. என்னுடையது 2015 செலேரியோ ஆட்டோமேட்டிக். எனக்கும் இதே ஏடிஎஃப்தானா? ஃபில்டர் எங்கே இருக்கும்?

கிரீஸ்_கை:
உங்களுடையது ஏஎம்டி. சாதாரண கியர் பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் உங்களுக்குப் பதிலாக ஒரு இயந்திரக் கை செய்கிறது. டார்க் கன்வெர்ட்டர் கிடையாது, இந்தப் பேனும் ஃபில்டரும் கிடையாது. கியர் ஆயில்தான், வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடு. தயவு செய்து இந்த இழையைக் கடைக்காரரிடம் காட்டி ஏடிஎஃப் வாங்கிவிடாதீர்கள்.

மதுரை_அக்கார்ட்:
அண்ணா, ஒரு எச்சரிக்கை. என் வண்டி 2004 அக்கார்ட் 2.4. மூன்று வருடம் முன்பு ஒரு சர்வீஸ் கடையில் (பெயர் வேண்டாம்) எஞ்சின் ஆயில் மாற்றக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு கிளம்பினால் முக்கு திரும்புவதற்குள் டிரைவில் இழுக்கவே இல்லை, ஆக்சிலரேட்டர் மிதித்தால் வெறும் சத்தம். சைலன்ஸரில் புகை. ஓரம் கட்டி இரண்டு டிப்ஸ்டிக்கையும் எடுத்தேன். கியர் பாக்ஸ் ஸ்டிக் காய்ந்து கிடக்கிறது. எஞ்சின் ஸ்டிக்கில் ஆயில் மேல் குறியைத் தாண்டி விரல் அளவு நிற்கிறது!

அந்தப் பையன் கீழே படுத்து, கண்ணில் பட்ட போல்ட்டைக் கழற்றி கியர் பாக்ஸ் ஆயிலை இறக்கிவிட்டு, மேலே வந்து எஞ்சினில் நான்கு லிட்டர் ஊற்றியிருக்கிறான். பழைய எஞ்சின் ஆயில் உள்ளேயே இருக்கிறது. நல்ல வேளை, இருநூறு மீட்டர்தான் ஓட்டியிருந்தேன். டோ செய்து வேறு இடத்தில் கொடுத்து இரண்டையும் சரி செய்தேன், பிழைத்தது.

ஹோண்டாவில் கியர் பாக்ஸ் போல்ட் தலையில் சதுரக் குழி இருக்கும், மூன்றெட்டு அங்குல ராட்செட்டை அப்படியே செருகலாம். எஞ்சின் போல்ட் 17 எம்எம் ஸ்பேனர் தலை. அன்றிலிருந்து யாராவது என் வண்டிக்கு அடியில் படுத்தால் நானும் குனிந்துவிடுவேன்.

கிரீஸ்_கை:
நல்ல விஷயம் சொன்னீர்கள் அம்மா. கொரோலாவில் கியர் பாக்ஸ் போல்ட்டுக்கு 10 எம்எம் ஆலன் கீ, எஞ்சினுக்கு 14 எம்எம் ஸ்பேனர். போல்ட்டைத் தளர்த்தி நான்கு சொட்டு விட்டுப் பாருங்கள், நிறமும் வாசனையும் சொல்லிவிடும்.

ஹோண்டாக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறக்கித் துடைக்கிற பேன் அதில் இல்லை, அளவு பார்க்கும் முறையும் வேறு. டொயோட்டாவில் எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவில் நிறுத்தி, ஒரு நிமிடத்துக்கு மேல் ஒன்றரை நிமிடத்துக்குள் ஸ்டிக்கை எடுக்க வேண்டும். இரண்டையும் குழப்பினால் ஒன்றில் அதிகம், இன்னொன்றில் குறைச்சல்.

பனிமூட்டம்:
கனடாவில் இருந்து. இங்கே சாலையில் உப்பு போடுவதால் பேன் போல்ட் துருப்பிடித்து, கழற்றும்போது தலை முறிந்து கையில் வரும். முதல் நாள் இரவே துரு எண்ணெய் அடித்து ஊற விடுவேன். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

மூன்று முறை மாற்றுவதற்குப் பதிலாக நான் செய்வது: பேனை முடித்துவிட்டு, கூலரிலிருந்து திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு வாளியில் விட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்வேன். கியர் பாக்ஸின் சொந்தப் பம்பே பழைய ஆயிலை வெளியே தள்ளும். ஒரு லிட்டர் வந்ததும் நிறுத்தி, ஒரு லிட்டர் ஊற்றி, மறுபடி. சிவப்பு நிறம் வரும் வரை. ஒரே மதியத்தில் முழுவதும் புதுசு.

கிரீஸ்_கை:
நல்ல முறைதான், ஆனால் ஆள் இரண்டு வேண்டும். ஒருவர் வாளியைப் பார்க்க, ஒருவர் சாவியில் கை வைத்துக்கொண்டு. ஒரு லிட்டர் வருவது நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம். பம்ப் காற்றை இழுத்தால் வேலை கெட்டது. கோவைத் தம்பிக்கு முதல் முறை, அதனால் யாழ் தம்பி சொன்னதே போதும்.

கோவை_கொரோலா:
ஞாயிறு செய்யப் போகிறேன். வாங்கியது: டி-ஃபோர் ஆயில் எட்டு லிட்டர், டீலர் பார்ட்ஸ் கவுண்டரில் ஃபில்டர், பேன் கேஸ்கெட், டிரெயின் போல்ட் வாஷர். மச்சான் ஒத்தாசைக்கு வருகிறான். வண்டியைத் தூக்கி ஹாலோ பிளாக் மேல் நிறுத்தலாமா?

கிரீஸ்_கை:
வேண்டவே வேண்டாம். ஹாலோ பிளாக் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பொடியாகும். ஜாக்கி ஸ்டாண்ட் வாடகைக்குக் கிடைக்கும், நான்கு வாங்குங்கள். வண்டி நான்கு பக்கமும் மட்டமாக இருக்க வேண்டும், முன்பக்கம் மட்டும் தூக்கினால் ஆயில் முழுதும் வடியாது. பத்து நிமிடம் ஓட்டி, வெதுவெதுப்பானதும் இறக்குங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கையை வேக வைத்துவிடும்.

வந்த ஆயிலை அளந்து வையுங்கள். ஒரு சொட்டு விடாமல்.

கோவை_கொரோலா:
அவசரம்!! வண்டி ஸ்டாண்டில் இருக்கிறது, கையெல்லாம் ஆயில், மச்சான் போனில் டைப் செய்கிறான். 3.4 லிட்டர் வெளியே வந்தது, 3.4 ஊற்றிவிட்டோம். ஸ்டார்ட் செய்து கியரை எல்லா இடத்துக்கும் போட்டு எடுத்து ஸ்டிக்கைப் பார்த்தால் ஹாட் குறிக்கு இரண்டு விரல் மேல் வரைக்கும் ஆயில்! அதிகமாகிவிட்டதா? உறிஞ்சி எடுக்கவா?

யாழ்_121:
ஒன்றும் எடுக்க வேண்டாம்! ஸ்டிக் போகிற குழாய் வழியாகத்தானே ஊற்றினீர்கள், குழாய்ச் சுவர் முழுக்க ஈரம். அதுதான் ஸ்டிக்கில் ஒட்டுகிறது. எனக்கும் முதல் தரம் இதேதான். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

கிரீஸ்_கை:
யாழ் தம்பி சொன்னது சரி. பத்து நிமிடம் விடுங்கள். ஸ்டிக்கின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள், ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே காட்டும். கீழே காட்டுவதுதான் உண்மை. இப்போது ஆயில் குளிர்ந்திருக்கிறது, அதனால் கூல் குறியில் பார்க்க வேண்டும், ஹாட்டில் அல்ல. இறக்கி, ஒரு ரவுண்ட் ஓட்டி, சூடானதும் மட்டமான இடத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே பார்க்கில் வைத்து ஹாட் குறி பாருங்கள். 70, 80 டிகிரி சூட்டுக்குத்தான் அந்தக் குறி.

கோவை_கொரோலா:
மன்னிக்கவும், நேற்று பதில் போட முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது விவரமாக.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஸ்டிக்கில் ஒரு பக்கம் கூல் மேல்குறி, இன்னொரு பக்கம் அதற்கும் மேலே. அண்ணா சொன்னபடி கீழே இருப்பதை எடுத்துக்கொண்டோம். பொள்ளாச்சி ரோட்டில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் ஹாட் இரண்டு குறிக்கும் நடுவே கச்சிதமாக நின்றது. உறிஞ்சியிருந்தால் அரை லிட்டர் குறைச்சலோடு ஓட்டியிருப்பேன்.

டிரெயின் போல்ட்டில் 2.9 லிட்டர் வந்தது. ஐந்து லிட்டர் தண்ணீர் கேனில் முன்னாடியே அரை அரை லிட்டராக ஊற்றி மார்க்கர் பேனாவில் கோடு போட்டு வைத்திருந்தேன், அளக்க அது உதவியது. பேனைச் சுற்றிச் சின்ன போல்ட்டுகள், எல்லாம் 10 எம்எம் தலை. ஒரு அட்டையில் பேன் வடிவத்தை வரைந்து, எடுத்த போல்ட்டை எடுத்த இடத்திலேயே குத்தி வைத்தேன். கடைசி இரண்டு போல்ட்டைப் பாதி மட்டும் தளர்த்திவிட்டு, மூலையில் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் நெம்பியதும் பேன் சாய்ந்து இன்னும் கொஞ்சம் வடிந்தது. ஃபில்டரைக் கழற்றும்போது எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு கரண்டி ஆயில் நேராக மச்சான் சட்டையில். எல்லாம் சேர்த்து 3.4.

இனி முக்கியமான விஷயம், அந்த ஜாதகம். பேனில் வட்டமான காந்தங்கள். மேலே முள்ளம்பன்றி மாதிரி சாம்பல் நிற முடி நின்றது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. விரலில் எடுத்துத் தேய்த்தால் விபூதியை எண்ணெயில் குழைத்த மாதிரி, துணுக்கு எதுவும் உறுத்தவில்லை. வெயிலில் காட்டியும் பித்தளை மினுக்கம் இல்லை. பேனின் அடியில் ஒரு கறுப்புப் படலம், விரலால் கோடு இழுக்கலாம். பெட்ரோலில் கழுவித் துடைத்ததும் பேன் உள்ளே பளிச்சென்று ஆகிவிட்டது, அப்பா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

பழைய ஃபில்டர் வாயில் டார்ச் அடித்தால் வலையில் கறுப்பு நார் மாதிரி கொஞ்சம் சிக்கியிருந்தது. புதியதைப் போட்டோம். மூடும்போது மச்சான் சிலிகான் பேஸ்ட் தடவலாம் என்றான், கேஸ்கெட் ரப்பரிலேயே வந்ததால் தடவவில்லை.

கிரீஸ்_கை:
சிலிகான் தடவாதது நல்லது. உள்பக்கம் பிதுங்கி வரும் பேஸ்ட் உடைந்து நேராக ஃபில்டர் வாய்க்குப் போகும். போல்ட் எவ்வளவு இறுக்கினீர்கள்? நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு அங்கேதான். ஐந்து முதல் எட்டு நியூட்டன் மீட்டருக்குள் வரும் சின்ன போல்ட் அது. மூச்சுப் பிடித்து இறுக்கினால் பேன் விளிம்பு ஒவ்வொரு போல்ட்டிடமும் குழிந்துவிடும், அப்புறம் எந்தக் கேஸ்கெட் போட்டாலும் கசியும்.

கோவை_கொரோலா:
நீள ராட்செட் எடுக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடியில் 10 எம்எம் சாக்கெட் மாட்டி, குறுக்கு நெடுக்காக மூன்று சுற்று, மணிக்கட்டு பலம் மட்டும். இரண்டு நாளாகத் தரையில் அட்டை விரித்துப் பார்க்கிறேன், ஒரு சொட்டு இல்லை.

காலைத் தாமதம்: குறைந்திருக்கிறது, போகவில்லை. முன்பு இரண்டு வினாடி, இப்போது ஒன்று. அண்ணா சொன்னது சரியாகிவிட்டது.

பழசே_போதும்:
சரி ப்ரோ, ஒரு மாதம் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள். சித்தப்பாவுக்கும் முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது.

பனிமூட்டம்:
எங்கள் வீட்டு 2009 கேம்ரியில் டிப்ஸ்டிக்கே இல்லை. இதே முறையில் செய்யலாமா?

கிரீஸ்_கை:
இறக்குவது அதேதான். ஊற்றுவதும் அளவு பார்ப்பதும் வேறு. டபிள்யூஎஸ் ஆயில், பக்கவாட்டில் ஒரு ஊற்றும் போல்ட், அடியில் வழிகிற குழாய். எஞ்சின் ஓட, ஆயில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, வழிவது சொட்டுச் சொட்டாக ஆனதும் மூட வேண்டும். சூடு பார்க்க ஸ்கேனர் வேண்டும். முதலில் ஊற்றுகிற போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள், அதற்குப் பிறகுதான் வடிக்கிற போல்ட்டில் கை வைக்க வேண்டும். வடித்துவிட்டு, ஊற்ற வழி திறக்காமல் வண்டியை டோ செய்து கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர்த் துருவுக்கு இது இன்னும் முக்கியம்.

கோவை_கொரோலா:
ஆறு வாரம் கழித்து வருகிறேன். இடையில் இரண்டு முறை டிரெயின் போல்ட்டை மட்டும் கழற்றி, வந்த அளவு ஊற்றினேன். வாங்கிய எட்டு லிட்டர் போதவில்லை, இன்னும் இரண்டு வாங்கினேன். முதலில் வந்தது டிகாக்‌ஷன், இரண்டாவது வரக் காப்பி, மூன்றாவது முறை வந்தது நன்னாரி சர்பத் நிறம். மூன்றையும் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னலில் வரிசையாக வைத்திருந்தேன், வீட்டம்மா சத்தம் போட்டு எடுக்க வைத்துவிட்டார்.

நேற்று வால்பாறை போய் வந்தோம். ஐந்து பேர், சாமான், ஏசி போட்டபடி. முப்பத்து மூன்றாவது வளைவு வரை எதுவும் இல்லை. அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை இரண்டிலிருந்து மூன்றுக்கு லேசாக இழுத்தது, உதை இல்லை. அப்புறம் லீவரை இரண்டிலேயே வைத்து ஏறினேன், அது மாற்றுவதற்குத் தடுமாறும் வேலையே இல்லை. இறங்கும்போதும் அப்படியே, பிரேக் வாசனையும் வரவில்லை.

பழசே_போதும் ப்ரோ, ரிவர்ஸ் இருக்கிறது.

பழசே_போதும்:
😀 சரி சரி. சித்தப்பாவிடம் மறுபடி கேட்டேன். ஆயில் மாற்றுவதற்கு முன்பு எட்டு மாதமாக ஸ்லிப் ஆகிக்கொண்டிருந்ததாம். அதை இப்போதுதான் சொல்கிறார்.

மதுரை_அக்கார்ட்:
பத்து லிட்டர் பழைய ஆயிலை என்ன செய்தீர்கள்? இங்கே சிலர் சாக்கடையில் விடுகிறார்கள், பார்க்கவே பதறுகிறது.

யாழ்_121:
எங்கள் பக்கம் வேலிக் கதியாலுக்குப் பக்கத்தில் நிற்கிற மரத்தூணுக்குக் கறையான் ஏறாமல் பூசுவார்கள். கிணறு பக்கத்தில் இருந்தால் அதுவும் கூடாது, நிலத்தடித் தண்ணீருக்குள் இறங்கும். நான் கராஜ் பீப்பாவில்தான் ஊற்றுவேன்.

கோவை_கொரோலா:
கேனில் மூடி வைத்து, கழிவு ஆயில் பீப்பாய் வைத்து ரீசைக்ளிங்குக்கு அனுப்பும் வொர்க்‌ஷாப் ஒன்றில் கொடுத்தேன். காசு கேட்கவில்லை.

அப்பா நேற்று இரவு டைரியை எடுத்துவரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூன்று தேதியையும் கேட்டுக் கேட்டு அவரே எழுதினார். ஃபில்டர் மாற்றிய தேதிக்குப் பக்கத்தில் "3.4 லி." என்றும் குறித்திருக்கிறார். "அடுத்தது எப்போ?" என்றார். நாற்பதாயிரம் கி.மீ. என்று சொல்லியிருக்கிறேன். அண்ணா, சரிதானே?

கிரீஸ்_கை:
மலை ஏறி இறங்குகிற வண்டி. முப்பதாயிரம் என்று எழுதச் சொல்லுங்கள். பேனை ஒவ்வொரு முறையும் இறக்க வேண்டாம், ஒன்று விட்டு ஒன்று போதும்.